சங்கு விஷத்தில் வலி மருந்து: வாட்ஸப்பில் வருவது எவ்வளவு உண்மை?

களியக்காவிளை மைந்தன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. இப்போது இரண்டு பாதத்திலும் எரிச்சல், குத்தல். போர்வை பட்டாலே துடிக்கிறார். திருவனந்தபுரத்தில் காட்டி, ப்ரீகாபலின் மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ராத்திரி தூக்கம் இன்னும் சரியாக இல்லை.

குடும்ப குரூப்பில் சித்தப்பா ஒரு செய்தி போட்டார். கடல் சங்கின் விஷத்தில் இருந்து எடுத்த மருந்தாம், மார்பின் என்ற வலி மருந்தை விட 1000 மடங்கு சக்தியாம், பழக்கமாகாதாம், டாக்டர்கள் மறைக்கிறார்களாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர் சங்குப் பொடி என்று விற்கிறார், வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். இதில் ஏதாவது உண்மை உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேம்பனூர் வாத்தியார்

தம்பி, முதலில் அந்தப் பொடியை வாங்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன், இந்த உயிரியைப் பற்றிக் கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தியில் ஒரு மருந்து நிஜம், மற்றதெல்லாம் கைச்சரக்கு. பூசையில் வைக்கும் சங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது கூம்பு வடிவ ஓடு கொண்ட நத்தை, கோனஸ் என்ற இனம். உலகத்தில் 700 வகைக்கு மேல் உண்டு. மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவிலும் நிறையவே இருக்கின்றன. ஓட்டின் மேல் கோலம் போட்டது மாதிரி அழகான வேலைப்பாடு இருப்பதால் அலங்காரப் பொருளாக விற்பார்கள். எல்லா வகையுமே வேட்டையாடும். பெரும்பாலானவை கடற்புழு தின்னும், சில மற்ற நத்தைகளைத் தின்னும், கொஞ்சம் வகைகள் மீனையே பிடிக்கும்.

நகரவே நேரமெடுக்கும் நத்தை மீனை எப்படிப் பிடிக்கிறது? வாயிலிருந்து ஒரு குழல் நீளும். அதன் நுனியில் உள்ளே துளை உள்ள ஒரு பல், கிட்டத்தட்ட ஈட்டி. அதை மீன்மேல் பாய்ச்சி விஷத்தைச் செலுத்தும். குத்து வாங்கிய மீன் இரண்டு முழம் நீந்திப் போனாலும் நத்தைக்கு இரை போச்சு, துரத்த முடியாது. அதனால் விஷம் கண் இமைக்கும் நேரத்தில் வேலை செய்தாக வேண்டும். கோனஸ் விஷம் இவ்வளவு நுட்பமாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம் அதுதான்.

ஒரே வகை நத்தையின் விஷத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு புரதங்கள் இருக்கும். ஒன்று நரம்பின் சோடியம் வாயிலை, அதாவது சோடியம் அயனிகள் போகும் துளையை, மூட விடாமல் பிடித்துக்கொள்ளும், மீன் விறைத்துப் போகும். இன்னொன்று நரம்பும் தசையும் சேரும் இடத்தில் அசிடைல்கோலின் ஏற்பியில், அதாவது அந்தச் செய்திப்பொருள் வந்து ஒட்டும் இடத்தில், போய் உட்கார்ந்துகொள்ளும், தசை தளர்ந்து போகும். ஜியோகிராபஸ் என்ற வகை இன்னும் ஒரு படி மேலே: வாயை வலை மாதிரி விரித்து, தண்ணீரில் இன்சுலினைக் கலந்து மீன்களின் சர்க்கரையைக் குறைத்து மயங்க வைக்கிறது என்று 2015ல் கண்டுபிடித்தார்கள். அந்த வகை குத்தி மனிதர்களும் இறந்திருக்கிறார்கள், பதிவானவை மட்டும் முப்பதுக்கு மேல். மாற்று மருந்து இதுவரை கிடையாது. மூச்சுக்கு உதவி கொடுத்து விஷம் இறங்கும்வரை காப்பாற்றுவது ஒன்றே வழி.

நீங்கள் கேட்ட மருந்து வந்தது கோனஸ் மேகஸ் என்ற வகையில் இருந்து. பெயர் சைகோனோடைட், பிரியால்ட் என்ற பெயரில் விற்பனை. 2004 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதாவது செய்தியில் சொல்கிற "புதுக் கண்டுபிடிப்பு" அப்படியொன்றும் புதுசு இல்லை.

பாறசாலை நர்ஸ்

சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தை யாரும் "சாப்பிடுவது" இல்லை. வாயில் போட்டால் இரைப்பையில் மற்றப் புரதங்களோடு சேர்ந்து செரித்துப் போகும். ரத்தத்தில் ஏற்றினால் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்ச் சேராது, அதற்கு முன் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். அதனால் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்ப் வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் நேரடியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆபரேஷன், கிருமித் தொற்று ஆபத்து, பம்பை அவ்வப்போது நிரப்புவது எல்லாம் சேர்ந்துதான் வரும்.

ஆரம்ப அளவு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான், மெதுவாகக் கூட்டிப்போனாலும் 19.2க்கு மேல் போகக் கூடாது. இவ்வளவு சின்ன அளவிலேயே தலைசுற்றல், குழப்பம், நினைவு தடுமாறுவது, இல்லாததைக் காண்பது எல்லாம் சிலருக்கு வரும். மனநோய் முன்பு இருந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எச்சரிக்கையே உண்டு. வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்குக் கடைசிக் கட்டத்தில் யோசிக்கும் மருந்து அது. உங்கள் அப்பாவின் நிலைமைக்கு அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை அண்ணா.

மூலிகைச் செல்வன்

எல்லாம் சரி. ஆனால் வெளிநாட்டுக்காரன் சொன்னால்தான் நம்புவோம் என்பது என்ன பழக்கம்? சங்கு பற்பம், பலகறைப் பற்பம், முத்துச்சிப்பிப் பற்பம் என்று நம் சித்தர்கள் எப்போதோ கடல் ஓடுகளை மருந்தாக்கிவிட்டார்கள். இவர்கள் இப்போதுதான் அந்தப் பக்கம் வருகிறார்கள்.

மருந்தியல் மாணவி

மூலிகைச் செல்வன் அண்ணா, பற்பத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இரண்டும் ஒரே விஷயம் இல்லை. பற்பம் என்பது ஓட்டைப் புடம் போட்டு எடுப்பது, அடிப்படையில் சுண்ணாம்புச் சத்து. நாம் பேசும் பொருள் ஓட்டில் கிடையாது, நத்தையின் உடலுக்குள் இருக்கும் விஷக் குழாயில் ஊறுவது. புடத்தின் சூட்டில் எந்தப் புரதமும் பிழைக்காது. அந்த விற்பனைக்காரரின் பொடி உண்மையிலேயே சங்குப் பொடியாக இருந்தாலும் அதில் சைகோனோடைட் ஒரு துளி கூட இருக்க முடியாது. சர்க்கரை நோயாளிக்கு என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடியைக் கொடுத்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அந்த 1000 மடங்கு. எலியின் தண்டுவடத்தில் நேரடியாகக் கொடுத்துப் பார்த்தபோது, எடைக்கு எடை மார்பினை விட மிகக் குறைந்த அளவே போதுமாக இருந்தது. அதிலிருந்து வந்த பேச்சு அது. அளவு குறைவு என்றால் வலி 1000 மடங்கு குறையும் என்று அர்த்தம் இல்லை. கொஞ்சம் போதும் என்பது வேறு, நிறையக் குணமாகும் என்பது வேறு. மருந்துக் கம்பெனி விளம்பரங்களிலும் இதே குழப்பத்தைத்தான் செய்வார்கள், வாட்ஸப்பை மட்டும் திட்டிப் பயன் இல்லை.

"பழக்கமாகாது" என்பது மட்டும் செய்தியில் சரியான வரி. அது எப்படி என்று சொல்கிறேன். காலில் கிளம்பிய வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தின் பின்பகுதியில் ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்கு மாற வேண்டும், நம் களியக்காவிளை செக்போஸ்ட்டில் லாரி நின்று சரக்கு மாற்றிப் போவது மாதிரி. அங்கே நரம்பின் நுனியில் 'என்' (N) வகைக் கால்சியம் வாயில் திறந்தால்தான் செய்தியைச் சொல்லும் வேதிப்பொருள் வெளியே வரும். சைகோனோடைட் நேராக அந்த வாயிலையே அடைத்துவிடுகிறது. மார்பின் வேறு வழி: ஓபியாய்டு ஏற்பியில் உட்கார்ந்து, அதன் மூலமாக அதே வாயிலைச் சுற்றுவழியில் மூட வைக்கும். நாளாக ஆக அந்த ஏற்பிகள் சலித்துப் போகும், மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டி வரும். நேரடியாக அடைப்பதில் அந்தச் சலிப்பு வருவதில்லை, நிறுத்தினாலும் மார்பின் நிறுத்தினால் வரும் தவிப்பு வராது.

இன்னொன்று. அப்பா சாப்பிடும் ப்ரீகாபலினும் கால்சியம் வாயிலின் மேல்தான் வேலை செய்கிறது, அதன் பக்கத் துண்டான ஆல்பா-2-டெல்டாவில் ஒட்டிக்கொண்டு. ஆக, சித்தப்பா தேடும் வாயிலின் பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஒரு மாத்திரை குடியிருக்கிறது.

கேள்விக்குறி

நல்ல விளக்கம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இந்த இழையில் எல்லாரும் "ஏற்பி, ஏற்பி" என்கிறீர்கள், அப்புறம் "வாயில்" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

மருந்தியல் மாணவி

ஒன்று இல்லை, ஆனால் சில இடங்களில் ஒன்றாகவே இருக்கும். வாயில் என்பது அயனிகள் உள்ளே வெளியே போகும் துளை. ஏற்பி என்பது ஒரு குறிப்பிட்ட பொருள் வந்து ஒட்டும் இடம். கால்சியம், சோடியம் வாயில்கள் மின்னழுத்தம் மாறினால் திறக்கும். நிக்கோடினிக் அசிடைல்கோலின் ஏற்பி என்பது ஏற்பியும் வாயிலும் சேர்ந்த ஒரே புரதம், ஒட்டினால் திறக்கும். கோனஸ் நத்தையிடம் இவை எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆயுதம் இருக்கிறது. இந்த விஷப் புரதங்களைக் கோனோடாக்சின் என்பார்கள்: ஆல்பா கோனோடாக்சின்கள் நிக்கோடினிக் ஏற்பிக்கு, மியூ வகை தசையின் சோடியம் வாயிலுக்கு, ஒமேகா கால்சியம் வாயிலுக்கு, கோனன்டோகின்கள் மூளையின் என்எம்டிஏ குளுட்டமேட் ஏற்பிக்கு. கடைசியாகச் சொன்னதைக் குட்டி எலியின் மூளையில் செலுத்தினால் தூங்கிவிடும், வளர்ந்த எலிக்குக் கொடுத்தால் தறிகெட்டு ஓடும்.

வேம்பனூர் வாத்தியார்

மாணவி எலியைச் சொன்னதால் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் நான் தவறாமல் சொல்வது.

பால்டோமெரோ ஒலிவேரா பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்காவில் டிஎன்ஏவை ஒட்டும் லிகேஸ் நொதியைக் கண்டறிந்த ஆய்வில் 1967லேயே பங்கு பெற்றவர். ஊர் திரும்பியபோது மணிலாவில் அந்த வேலையைத் தொடரக் கருவிகள் இல்லை. கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்து, சந்தையில் எளிதாகக் கிடைத்த கோனஸ் நத்தையை எடுத்தார். லூர்தெஸ் குரூஸும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கே க்ரெய்க் கிளார்க் என்ற இளநிலை மாணவர், விஷத்தைப் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் எலியின் மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்க்கலாமே என்றார். பெரியவர்கள் அவ்வளவாக நம்பவில்லை. பார்த்தால் ஒன்று எலியைத் தூங்க வைத்தது, ஒன்று சொறிய வைத்தது, ஒன்று நடுங்க வைத்தது. அந்த நடுங்க வைத்த புரதங்களில் ஒன்றைப் பிரித்தெடுத்தவர் மைக்கேல் மக்கின்டாஷ், அப்போது பள்ளி முடித்துப் புதிதாக வந்த பையன். 25 அமினோ அமிலம், மூன்று கந்தகப் பாலம். அதுதான் பின்னால் சைகோனோடைட் ஆனது. ஆய்வுக்கூடத்தில் கிடைத்ததிலிருந்து அரசு அனுமதி வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு.

ஆராய்ச்சிக்கு வசதி இல்லை என்று இங்கே புலம்பும் பிள்ளைகளிடம் நான் சொல்வது மணிலாப் பகுதியைத்தான், யூட்டாப் பகுதியை இல்லை.

தூத்தூர் தூண்டில்காரன்

சார், இந்தக் கூம்புச் சங்கு இழுவைமடியில் கழிசலோடு வரும். கொல்லம் சக்திகுளங்கரைப் பக்கம் மடிக்குப் போகிற நம்ம பையன்கள் பார்த்திருப்பார்கள். சிலர் எடுத்து வைத்து வியாபாரிக்குக் கொடுப்பார்கள். கையில் எடுக்கலாமா? கூரான பக்கத்தைப் பிடிக்காமல் தடித்த பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது என்று கேள்வி.

வேம்பனூர் வாத்தியார்

உயிரோடு இருந்தால் எந்தப் பக்கமும் வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் குழல் வளைந்து ஓட்டின் பின்பக்கம் வரை எட்டும். சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அதைவிட மோசம், அப்படிக் குத்து வாங்கியவர்கள் உண்டு. குத்திவிட்டால் அந்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கையை அசைக்காமல் அகலமான துணியால் அழுத்திக் கட்டி, மூச்சுக் கருவி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வலியே இல்லாமல் மரத்துப் போவதும் உண்டு, அதனால் வலிக்கவில்லை என்று வீட்டில் உட்காரக் கூடாது.

வியாபாரத்தைப் பற்றி: கோனஸ் மில்நீட்வர்ட்சி என்ற நீண்ட கூம்பை 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கு உள்ள அதே அட்டவணை. எடுத்து விற்றால் சிறை. மருந்துக்காக நத்தை பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. சைகோனோடைட் முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்வது. நத்தை அந்தச் செய்முறையை ஒருமுறை காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

தூத்தூர் தூண்டில்காரன்

சரி சார். ஆனால் எங்களுக்குச் சங்கைவிடப் பயம் சிப்பிதான். விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று ஆள்கள் செத்த சமயம் நான் சின்னப் பையன். குளச்சல், முட்டம், கடியபட்டணம் வரைக்கும் யாரும் சிப்பி வாங்கவில்லை. பாறையில் குளித்துச் சிப்பி எடுப்பவர்கள் பட்டினி. அதுவும் நரம்பு விஷம் என்றார்கள். சிப்பிக்கு ஏது விஷப்பல்?

பாறசாலை நர்ஸ்

அது 1997 செப்டம்பர். நம் பக்கம் கிடைக்கும் பழுப்புச் சிப்பி தின்றவர்கள். ஏழு பேர் இறந்தார்கள், ஐந்நூறுக்கும் மேல் ஆஸ்பத்திரியில். என் மூத்த சகாக்கள் அந்த நாட்களைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலில் உதடு, நாக்கு மரத்துப்போகும். அப்புறம் முகம், விரல் நுனி. பிறகு கை கால் தளர்ந்து மூச்சுத் தசை நின்றுவிடும். நோயாளிக்கு நினைவு இருக்கும், பேச முடியாது. வென்டிலேட்டரில் முதல் நாளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

சிப்பி அந்த விஷத்தைச் செய்வதில்லை. கடல் தண்ணீரை வடிகட்டித் தின்னும்போது சில நுண்பாசிகள் உள்ளே போகும். அவை செய்யும் சாக்ஸிடாக்சின் சிப்பியின் உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். அது நரம்பின் சோடியம் வாயிலை வெளியிலிருந்து அடைத்துவிடும். வேகவைத்தாலும் புளி ஊற்றினாலும் போகாது. ஒரு கிலோ சிப்பிச் சதையில் 800 மைக்ரோகிராம் என்பது பல நாடுகள் வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் போனால் விற்பனையை நிறுத்துவார்கள். நம் கடற்கரையில் யார் அளக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

மருந்தியல் மாணவி

1981ல் தமிழ்நாட்டிலேயே மட்டி தின்று 3 பேர் இறந்து 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். விழிஞ்ஞத்துக்கு முன்னாலேயே எச்சரிக்கை வந்துவிட்டது.

சிப்பியில் சேரும் இன்னொரு விஷம் நேராக ஏற்பியிலேயே வேலை செய்வது. 1987ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பி தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு நினைவு போனது, புதிதாக எதையும் மனதில் வைக்க முடியவில்லை. காரணம் டோமோயிக் அமிலம், ஒரு வகை டயட்டம் பாசி செய்வது. குளுட்டமேட் ஏற்பிகளை விடாமல் தூண்டி, நினைவுக்கான மூளைப் பகுதியில் நரம்புகளையே கொன்றுவிடுகிறது. சாக்ஸிடாக்சின் கதவை அடைத்துக் கொல்லும், இது திறந்தே வைத்துக் கொல்லும்.

நாஞ்சில் வயல்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியும் அமெரிக்காவும் எனக்குத் தெரியாது, ஆனால் கடல் உயிரியின் நரம்பு விஷத்தை வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்கி வயலில் வீசுகிறவன் நான். நம் குமரி மாவட்டத்துக் கன்னிப்பூ, கும்பப்பூ நெல் இரண்டும் குருத்துப்பூச்சிக்கு எத்தனை முறை பலியாகியிருக்கின்றன! அதற்குக் கடையில் கொடுக்கும் கார்டாப் ஹைட்ரோகுளோரைடு 4 சதவீதக் குருணை இருக்கிறதே, அதன் மூலம் ஒரு கடற்புழு என்று வேளாண் அதிகாரி ஒருவர் கூட்டத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நிஜமா மாணவி?

மருந்தியல் மாணவி

நிஜம்தான் அண்ணாச்சி. இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

ஜப்பானில் தூண்டில் போடுகிறவர்கள் இரையாக வைக்கும் ஒரு கடற்புழு உண்டு. செத்த புழுவின் மேல் உட்காரும் ஈக்கள் விழுந்து சாவதைப் பார்த்திருந்தார்கள். 1934ல் நிட்டா என்பவர் அந்த விஷத்தைப் பிரித்தெடுத்தார், நெரெய்ஸ்டாக்சின் என்று பெயர். அதன் வேதி அமைப்பு தெளிவானது 1960களில்தான். பிறகு டகேடா கம்பெனி அதைப் பின்பற்றிப் பூச்சிக்குள் போனதும் நெரெய்ஸ்டாக்சினாக மாறும் ஒரு பொருளைச் செய்தது. அதுதான் கார்டாப், 1967ல் படான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஈ செத்ததிலிருந்து குருணை வர முப்பது வருஷத்துக்கு மேல்.

வேலை செய்யும் இடம் நாம் மேலே பேசிய அதே நிக்கோடினிக் அசிடைல்கோலின் ஏற்பி. பூச்சிகளுக்கு மூளைக்குள் செய்தி போவதே பெரும்பாலும் அந்த ஏற்பி வழியாக. கார்டாப் அதை அடைத்துவிடும். புழு துடித்துச் சாகாது, தின்பதை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். அதனால் "மருந்து வேலை செய்யவில்லை" என்று சிலர் மறுபடி வீசுவார்கள், செய்யாதீர்கள். இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தும் இதே ஏற்பியில்தான் வேலை செய்கிறது, ஆனால் அடைப்பது இல்லை, விடாமல் தூண்டிவிடுவது.

நாஞ்சில் வயல்

அதுவா சங்கதி! குருணை போட்ட வயலில் நண்டும் கெண்டையும் மிதப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மருந்தியல் மாணவி

மீனுக்கு அது கடும் விஷம், பட்டுப்புழுவுக்கும் அப்படியே. தண்ணீரை ஓடையில் வடிய விடாமல் வயலில் கட்டி வையுங்கள், கையுறை இல்லாமல் வீசாதீர்கள். அதிக அளவு உள்ளே போனால் மனிதருக்கும் தசை இழுப்பும் மூச்சுத் திணறலும் வரும்.

கேள்விக்குறி

நான் கொஞ்சம் எதிர்வாதம் செய்யட்டுமா? நத்தை, புழு, பாசி எல்லாம் சேர்த்து இத்தனை விஷத்தைச் சொன்னீர்கள். வலி மருந்து என்று கடைசிவரை வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் வயிற்றில் பம்ப் வைத்து. இவ்வளவு காலம், இவ்வளவு பணம். "கடலில் மருந்துக் களஞ்சியம்" என்று பத்திரிகைகள் எழுதுவது வீண் ஆரவாரம் இல்லையா?

மருந்தியல் மாணவி

பாதி ஒத்துக்கொள்கிறேன். தோற்றவை நிறையத்தான். ஆஸ்திரேலியாவின் கோனஸ் விக்டோரியே நத்தையில் இருந்து விசி1.1 என்ற புரதம் கிடைத்தது. எலிகளில் நரம்பு வலியை நன்றாகக் குறைத்தது, தோலடி ஊசியாகவே போடலாம் என்பதால் பெரிய எதிர்பார்ப்பு. மனிதரில் இரண்டாம் கட்டச் சோதனையோடு நின்றுபோனது. எலியின் நிக்கோடினிக் ஏற்பியில் ஒட்டிய அளவுக்கு மனித ஏற்பியில் அது ஒட்டவில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஏற்பியில் இரண்டொரு அமினோ அமிலம் மாறினாலே இவ்வளவு வித்தியாசம். நாடா மாதிரி இருக்கும் ஒரு கடற்புழுவின் அனபசைன் என்ற விஷத்தை வில்லியம் கெம் 1971ல் கண்டறிந்தார். புகையிலையில் உள்ள ஒரு பொருளுக்கு மிக நெருங்கிய உறவு. அதை மாற்றிச் செய்த ஜிடிஎஸ்-21 மறதி நோய்க்கும் ஸ்கிசோஃப்ரினியாவுக்கும் சோதிக்கப்பட்டது, மருந்தாகக் கடைக்கு வரவில்லை.

ஆனால் மருந்து வந்ததா என்று மட்டும் எண்ணினால் பாதிப் பலன் கணக்கில் வராது. நீலவளைய ஆக்டோபஸிலும் பேத்தை மீனிலும் இருக்கும் டெட்ரோடாக்சின் சோடியம் வாயிலை மட்டும் அடைக்கிறது என்று நராஹாஷியும் கூட்டாளிகளும் 1964ல் காட்டினார்கள். அதன் பிறகு சோடியம் வாயில்களை "இதற்கு அடங்குபவை, அடங்காதவை" என்று பிரிக்க முடிந்தது. அடங்காத ஒன்றுதான் வலி நரம்புகளில் இருக்கும் 1.8 வகை. அதை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற சாதாரண மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் திடீர்க் கடும் வலிக்கு அனுமதி கிடைத்தது. அதில் கடல் உயிரியின் பொருள் எதுவும் இல்லை. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று பிரித்துக் காட்டியதில் அந்த விஷத்துக்குப் பங்கு உண்டு.

வேம்பனூர் வாத்தியார்

நம் கடற்கரை பற்றியும் ஒரு வரி. தென்கிழக்குக் கரையின் கோனஸ் அமாடிஸ் விஷத்தில் சோடியம் வாயிலை மூட விடாத ஒரு புரதத்தை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பாலராமும் டாடா ஆய்வு நிறுவனத்தின் கே.எஸ். கிருஷ்ணனும் அவர்கள் குழுவும் விவரித்திருக்கிறார்கள். ஆக, யாரும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆய்வுக் கட்டுரைக்கும் மருந்துக்கும் நடுவில் பணம் போட ஆள் இல்லை, அதுதான் குறை.

மூலிகைச் செல்வன்

மாணவி சொன்ன பிறகு ஓட்டுக்கும் விஷக் குழாய்க்கும் உள்ள வித்தியாசம் விளங்குகிறது. பொடி விற்பவர் சித்த மருத்துவர் என்று சொல்லிக்கொண்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர் யாரும் நரம்பு வலிக்குச் சங்கு விஷம் என்று சொல்லி விற்க மாட்டார். எங்கள் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

களியக்காவிளை மைந்தன்

அனைவருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் இந்த இழையையே அனுப்பிவிட்டேன், "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றிருக்கிறார். இன்னும் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அப்பாவின் வலிக்கு மார்பின் கேட்கலாமா? அதைச் சொன்னாலே டாக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

பாறசாலை நர்ஸ்

கோபம் எதற்கு அண்ணா, கேட்க வேண்டிய கேள்விதான். மார்பின் விலை குறைவான மருந்து. 1985ன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால்தான் அது கிடைக்காமல் இருந்தது, 2014 திருத்தத்துக்குப் பிறகு ஓரளவு எளிதாகியிருக்கிறது. கேரளத்தில் வலி நிவாரணச் சேவை மற்ற மாநிலங்களைவிடப் பரவலாக இருக்கிறது, திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியாவும் அதில் ஒன்று. ஆனால் மார்பினின் முதல் இடம் புற்றுநோய் போன்ற வலி. சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கு முதலில் ப்ரீகாபலின், துலோக்செடின், அமிட்ரிப்டிலின் என்று வரிசை உண்டு. அப்பாவுக்கு ஒன்றுதான் பார்த்திருக்கிறீர்கள். அளவைக் கூட்டுவதா, வேறு மாற்றுவதா, இரண்டைச் சேர்ப்பதா என்பதைச் சிறுநீரகப் பரிசோதனை பார்த்து டாக்டர் முடிவு செய்வார். நீங்களாக அளவைக் கூட்டவோ திடீரென்று நிறுத்தவோ வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது கடைசி மூன்று மாதச் சர்க்கரை அறிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். வலி எந்த நேரத்தில் கூடுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். "வலிக்கிறது" என்று சொல்வதைவிட "ராத்திரி பதினொன்றுக்கு மேல் தூங்க விடுவதில்லை" என்று சொன்னால் சீக்கிரம் கேட்பார்கள். தினமும் பாதத்தை நீங்களே பாருங்கள், மரத்த காலில் புண் வந்தால் அவருக்குத் தெரியாது.

தூத்தூர் தூண்டில்காரன்

மைந்தன் தம்பி, திருவனந்தபுரம் போகிற நாளைச் சொல்லுங்கள். நம் வண்டி வாரத்தில் இரண்டு நாள் மீன் ஏற்றி அந்த வழியாகத்தான் போகிறது. அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போகலாம், மீன் வாடை பரவாயில்லை என்றால்.